கடைசிப் படி கத்தணும்

என் கணவருக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் ரேடியோ என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை. ஆனால் வைத்தவர் யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். நகரப் பேருந்தில் நடத்துநர். வண்டி கிளம்பும்போது யாரோ ஒருவர் வீடு காலி செய்யப்போகிறார் என்று இவர் காதில் விழுந்தால் போதும், வண்டி கடைசி நிறுத்தத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டு நாலு பேர் வாசலில் நிற்பார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கே அப்போதுதான் விஷயம் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தை, அதுவும் என்னிடம் சொல்லாமல், மாதக்கணக்கில் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். அது எனக்கு ஒரு ஏணிக் கம்பெனியின் கூட்ட அறையில் வைத்துத் தெரிந்தது. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது நினைவு வந்தால் கரண்டி அப்படியே நின்றுவிடுகிறது.

முதலில் நான் விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செருப்புக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். எங்கள் கடையில் தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள்தான். வருகிறவர்களுக்கு எப்போதும் உச்சித் தட்டில் இருப்பதுதான் பிடிக்கும். மடக்கு ஏணியில் ஏறுவேன், பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்குவேன். கையில் பெட்டி இருப்பதால் கால் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. கால்தான் தேடிக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கடைசிப் படிக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துப் பின்னால் காலை எடுத்து வைத்தேன். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. இடது கணுக்கால் முறிந்தது. வாடிக்கையாளர் அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கிய பிறகு, "அந்தக் கறுப்பு ஜோடி மட்டும் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டதையும் மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எலும்பை நேராக்கினார்கள். அந்த மயக்கத்தில், எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, எனக்குள் ஒரு குரல் பேசியது. "கடைசிப் படி கத்தணும். ஜாம் மூடி மாதிரி, டொக்குனு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. கண் விழித்தபோது உடம்பெல்லாம் வலி, நாக்கு வறண்டு கிடந்தது, ஆனால் அந்த வார்த்தைகள் மட்டும் பளிச்சென்று நின்றன. என் வீட்டுக்காரர் கட்டிலருகே இல்லை. வராந்தாவில், காலில் கட்டுப் போட்ட வேறொருவரைப் பிடித்து உட்கார வைத்து, நான் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் நான் விழுந்த உயரம் ஏற்கெனவே இரண்டு மடங்காகியிருந்தது.

படுத்த படுக்கையாகக் கிடந்தபோது யோசித்தேன். ஜாம் பாட்டில் மூடியின் நடுவில் அமுக்கினால் டொக் என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அதைப்போல ஒரு மெல்லிய தகடு ஏணியின் கடைசிப் படியில் மட்டும் ரப்பருக்கு அடியில் இருந்தால்? காலை வைத்ததும் சத்தம் கேட்கும், பாதத்திலும் உணர்வு வரும். அடுத்தது தரைதான் என்று கண் பார்க்காமலே தெரிந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். ஏணி புதிதில்லை, மூடி புதிதில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து இதுவரை யாரும் யோசிக்கவில்லையே என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அதற்குமுன் எதுவும் இருந்ததில்லை. படிப்பு அப்பா சொன்னது, வேலை அண்ணன் பார்த்துக் கொடுத்தது, வீடு கணவர் பெயரில். கடையில் நாளெல்லாம் அடுத்தவர் காலுக்கு அளவு பார்க்கிறேன். இந்த டொக் மட்டும் என் மண்டைக்குள்ளேயே பிறந்து எனக்காகவே வந்தது. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கட்டுப் பிரித்ததும் காப்புரிமை வேலை பார்க்கும் ஏஜென்ட் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தையே, "வாயைத் திறக்காதீங்க" என்பதுதான். விண்ணப்பம் போடுவதற்குள் வெளியே தெரிந்தால் எல்லாம் வீண், போட்ட பிறகும் கம்பெனிக்குக் காட்டுவதற்குமுன் ரகசியம் காப்போம் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்றார். இதே யோசனையை வேறு யாராவது போட்டிருந்தால் என்று கேட்டேன். "தேடிப் பார்த்தவரைக்கும் இல்ல. சமீபத்துல யாராவது போட்டிருந்தா அது உடனே வெளிய தெரியாது. அந்த ரிஸ்க் எல்லாருக்கும் உண்டு" என்றார். அதை நான் காதில் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை இருக்கிறது. அங்கேதான் மாதிரி ஏணி உருவானது. அண்ணனிடமும் கையெழுத்து வாங்கினேன், அண்ணியிடமும் வாங்கினேன்.

"நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளா வந்தப்பகூட இவ்வளவு கையெழுத்துப் போடல" என்றார் அண்ணி.

"மச்சான்கிட்ட சொல்லிட்டியா?" என்று அண்ணன் கேட்டான்.

"ரேடியோகிட்டயா? அதுக்கு நீ பேப்பர்லயே விளம்பரம் குடுத்துடலாம்."

"ஏய், கட்டின புருஷன். அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்கோ."

"கையெழுத்து அவர் கையைத்தாண்ணா கட்டும். வாயை யார் கட்டுறது?"

அண்ணன் சிரித்துவிட்டான். ஆக, என் வீட்டுக்காரருக்குத் தெரியாமலே எல்லாம் நடந்தது. வேலை முடிந்து பட்டறைக்குப் போகும் நாளெல்லாம் காலுக்குப் பயிற்சி கொடுக்கப் போவதாகச் சொன்னேன். அவர் நம்பினார். அவருக்கும் சனிக்கிழமை மதியங்களில் வெளியே வேலை இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. கூட வேலை பார்ப்பவர் வீடு மாறுகிறார், சாமான் தூக்கப் போகிறேன் என்பார். எந்த வீட்டுச் சாமான் மாதக்கணக்கில் தூக்க வேண்டியிருக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அவர் வெளியே போனால் போதும் என்றிருந்தது.

இன்னொன்றும் இருந்தது. பட்டறையில் சோதித்துப் பார்க்க வீட்டிலிருந்து ஒரு ஜாம் மூடியை எடுத்துப் போயிருந்தேன். ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தால் மூடியில்லாமல் நின்றவை இரண்டு பாட்டில்கள். எறும்பு வந்துவிடுமே என்று இரண்டுக்கும் காகிதம் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேனே தவிர, அந்த இரண்டாவது மூடி எங்கே போனது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

தகட்டைப் படி முழுக்க வைக்காமல் இடது பாதியில் மட்டும் வைக்கச் சொன்னேன். நான் எங்கே இறங்கினாலும் இடது காலைத்தான் முதலில் வைப்பேன். கல்யாணமான புதிதில் இவருடைய பேருந்தில் போவேன். இறங்கும்போதெல்லாம் வண்டியே திரும்பிப் பார்க்கும்படி, "இடது காலை வச்சு இறங்கும்மா" என்று குரல் கொடுப்பார். அது அப்படியே பழகிவிட்டது. படி முழுக்க வைத்தால் என்ன என்று அண்ணன் கேட்டதற்கு, "என் ஏணி, என் கால்" என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

விண்ணப்பம் போட்டாயிற்று. நான் விழுந்த அதே ஏணியைச் செய்த கம்பெனிக்கே எழுதினேன். என்னை விழ வைத்தவர்களே அதைத் திருத்தட்டும் என்ற ரோஷம்தான். வரச் சொன்னார்கள். என்ன பேசுவது என்று கடையில் ஆள் இல்லாத நேரங்களில் செருப்புப் பெட்டிகளிடம் பேசிப் பழகினேன். அவற்றைவிடப் பொறுமையான கூட்டம் எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை.

கூட்ட அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வடிவமைப்புப் பொறியாளர், நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. இன்னொருவர் கம்பெனியின் வக்கீலம்மா. நான் கொண்டுபோன ரகசியக் காப்புத் தாளை அவர் ஒரு வரி விடாமல் படித்து, எனக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேனிலிருந்து ஏணியை இறக்கி உள்ளே கொண்டுவர அண்ணன் உதவினான். பிறகு அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

ஏணியை மூடியிருந்த துணியை உருவினேன். இரண்டு செருப்புப் பெட்டிகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏறினேன். உச்சியில் நின்று அவர்களைப் பார்த்து, "இப்ப எனக்கு என் கால் தெரியாது" என்றேன். இறங்கினேன். டொக்.

சத்தம் அந்த அறையில் அருமையாகக் கேட்டது. பொறியாளர் காபிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. வக்கீலம்மாவைப் பார்த்தார். வக்கீலம்மா அவரைப் பார்த்தார். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து எனக்கு மனசுக்குள் கொட்டு மேளம். பழகி வைத்திருந்த பேச்சை மேலே தொடர்ந்தேன்.

"இது நான் படிச்சு வந்ததில்ல சார். ஆஸ்பத்திரியில மயக்கத்துல கிடந்தப்ப எனக்குள்ள ஒரு குரல் சொல்லிச்சு. கடைசிப் படி கத்தணும், ஜாம் மூடி மாதிரி டொக்குனுன்னு."

பொறியாளர் கோப்பையைக் கீழே வைத்தார். காபி மேஜையில் சிந்தியது.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். அவர் எழுந்தார். "வேண்டாம் சார், முதல்ல நாம பேசிக்கலாம்" என்று வக்கீலம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து அறைக்குப் போய் ஓர் ஏணியைத் தூக்கி வந்தார். பளபளவென்று புத்தம் புதியது. இரண்டு படி ஏறி, இறங்கினார்.

டொக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காது அடைத்துவிட்டது. யாரோ என் வீட்டுக்குள் புகுந்து என் குழந்தையைத் தூக்கிவந்து, வேறு சட்டை போட்டு என் எதிரில் நிறுத்திய மாதிரி இருந்தது. முழங்காலிட்டு அந்தப் படியைத் தடவினேன். ரப்பருக்கு அடியில் தகடு இருந்தது. கையை வலது பக்கம் நகர்த்தினேன். அங்கே ஒன்றுமில்லை. இடது பாதியில் மட்டும்தான் இருந்தது.

"ஏன் இடது பக்கம் மட்டும் வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நானும் கேட்டேன். முதல் மாதிரியாவது அப்படித்தான் இருக்கணும்னு அவர் ஒத்தைக் கால்ல நின்னார்."

"சார்" என்றார் வக்கீலம்மா. பொறியாளர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. இறங்கும்போது என் எந்தக் கால் முதலில் வரும் என்று இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

"அவர் பஸ் கண்டக்டரா?"

பொறியாளர் வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையே பதில்.

சனிக்கிழமைகளும், மாறிக்கொண்டே இருந்த அந்த வீடும், இரண்டாவது ஜாம் பாட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக மண்டையில் வந்து இடித்தன. எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார். பட்டறை வரைக்கும் என் பின்னாலேயே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுவந்து இங்கே விற்றிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றேன். "என் யோசனையைத் திருடி உங்ககிட்ட வித்துட்டார்."

பொறியாளருக்கு அது பொறுக்கவில்லை. "அவர் திருட்டு மனுஷன் மாதிரி வரலம்மா" என்றார். வக்கீலம்மா கை காட்டியும் நிறுத்தவில்லை. "நீங்க எப்ப விழுந்தீங்க?"

சொன்னேன்.

"அதுக்கு மறுநாளே இங்க வந்துட்டார்."

மறுநாள். மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் தூக்கமும் விழிப்புமாகக் கிடந்தேன். தகடு என்று யோசிக்கவே இல்லை. அண்ணனிடம் பேசவில்லை. யாரிடமும் பேசவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துத் திருட அன்றைக்கு உலகத்தில் எங்கேயும் எதுவும் இல்லை.

"விற்பனைக் கூடத்துல சண்டை போடத்தான் வந்தார்" என்றார் பொறியாளர். "காக்கி யூனிஃபார்ம், தோள்ல டிக்கெட் பை. உங்க ஏணி என் பொண்டாட்டி காலை உடைச்சிருச்சுன்னார். எங்க பசங்க சிரிச்சாங்க. அவர் அதைக் கண்டுக்கவே இல்ல. வரிசையா நின்ன ஏணி எல்லாத்துலயும் ஏறி ஏறி இறங்கி, இப்படித்தான் விழுந்தா, இப்படித்தான் விழுந்தான்னு காட்டினார். சத்தம் கேட்டு நான் வெளிய வந்தேன். என்னைப் பார்த்ததும் பையிலேருந்து ஒரு ஜாம் மூடியை எடுத்தார். எடுத்து என் காதுகிட்ட வச்சு அமுக்கினார்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசிப் படி கத்தணும் சார், இந்த மாதிரி, டொக்குனு. இதான் அவர் என்கிட்டச் சொன்ன முதல் வார்த்தை. பஸ்ல இறங்குறவங்க காலைப் பாத்துப் பாத்து இருபது வருஷமா எனக்கு இதே வேலை, என் வீட்டுலயே ஒருத்தி விழுந்துட்டாளேன்னார்."

நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

"இதை உங்க வீட்டம்மாகிட்டச் சொன்னீங்களான்னு கேட்டேன். ராத்திரி அவ தலைமாட்டுல உக்காந்து இதையேதான் புலம்பிட்டிருந்தேன், அவளுக்கு எங்க கேட்டுது, ஊசி போட்டுத் தூங்கவச்சிட்டாங்கன்னார்."

எனக்குள் பேசிய குரல். கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல். நான் இவ்வளவு நாளும் என் மண்டைக்குள்ளேயே பிறந்தது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த வார்த்தைகள். அது ரேடியோ. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு ரேடியோ. உலகத்தில் யாரிடம் போய்விடக்கூடாது என்று நான் பூட்டுப் போட்டுக் காத்தேனோ, அவர் வாயிலிருந்துதான் அது வந்திருக்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

அதற்குள் வக்கீலம்மா தன் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். கெட்ட மனுஷி இல்லை. வேலை அப்படி.

"நான் நேரடியா பேசிடறேன். அவர் இங்க வந்து கொஞ்ச நாள்ல நாங்க விண்ணப்பம் போட்டாச்சு. கண்டுபிடிச்சவர்னு அவர் பேர்தான் இருக்கு. சோதனைக்கு சனிக்கிழமை சனிக்கிழமை வந்தார். ஏணி வெளிய வர்றவரைக்கும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். மனைவிகிட்டகூட சொல்லக் கூடாதுன்னு நான்தான் சேர்க்கச் சொன்னேன், ஏன்னா அவர் கொஞ்சம்..."

"தெரியும்" என்றேன்.

"இப்ப நீங்க அதே யோசனை, அதே இடது பக்கம், அதே வார்த்தையோட வந்திருக்கீங்க. உங்க பேர்ல விண்ணப்பமும் போட்டிருக்கீங்க. நீங்களா தனியா யோசிச்சதுன்னா அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, நீங்க எங்களோட மோதலாம். ஆனா ஒரே வீடு. அவர் வாக்கை மீறி உங்ககிட்டச் சொல்லிட்டார்னுதான் கம்பெனி எடுத்துக்கும். ஒப்பந்தம் ரத்தாகும். அவர்மேல வழக்கு வரும்." நாற்காலியை இன்னும் முன்னால் நகர்த்தினார். "அவர் உங்ககிட்டச் சொன்னாரா, இல்லையா?"

சொல்லவில்லை என்று சொல்லலாம். அது ஒரு விதத்தில் உண்மையும்கூட. எனக்குள் ஒரு குரல் என்றே நான் கடைசிவரை சாதிக்கலாம், என் மயக்கத்துக்குள் வந்து எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. விண்ணப்பத்தில் என் பெயர் இருக்கிறது. மோதிப் பார்க்கலாம். அந்தப் பெயரை எழுதிய அன்று நான் பேனாவை மூடாமல் எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். மறுபக்கம், மாதக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த மனிதர். பேசாமல் இருந்தால் அவருக்கு வயிறு வலிக்கும், நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரைத்தான் கொஞ்ச நேரம் முன்னால் நான் திருடன் என்றேன்.

"சொன்னார்" என்றேன். "ஆனா உங்ககிட்டக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி. உங்க கம்பெனி வாசலையே மிதிக்கிறதுக்கு முன்னாடி. நான் மயக்கத்துல இருந்தப்ப சொன்னார். நான் அதைக் கேட்டுட்டு, எனக்கே தோணினதுன்னு நினைச்சுட்டேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசல."

"அப்ப இந்த யோசனை உங்களோடது இல்லைன்னு சொல்றீங்களா?"

பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல" என்றேன். "என்னோடது இல்ல."

சொல்லும்போது வலித்தது. கணுக்கால் முறிந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தேன். வக்கீலம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஏணியை வேனில் ஏற்றும்போது பொறியாளரும் ஒரு கை பிடித்தார். "உங்க ஏணியோட சத்தம் எங்களோடதைவிட நல்லா இருக்கு" என்றார் அண்ணனிடம். அண்ணனுக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பிறகு பொறியாளர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவர் எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். முதல் ஏணி ஒரு செருப்புக் கடைக்குப் போகணும்னார். அதுக்காகத்தான் இடது பக்கம். மத்தது எல்லாம் எப்படி வேணா பண்ணிக்கோங்கன்னுட்டார்."

வழியெல்லாம் அண்ணன் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்கு வாய் வரவில்லை. "உனக்கும் ரேடியோவுக்கும் ஆள் மாறிப்போச்சா?" என்றான். ஏணியை எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான். இத்தனை நாள் ஒளித்து வைத்த ஏணி, கதவைத் திறந்தால் தெரிகிற இடத்தில் நின்றது.

அவர் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். பின்பக்கம் முகம் கழுவும் சத்தம் கேட்டது. அவரைக் கூப்பிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழகி வைத்திருந்த பேச்செல்லாம் காலையிலேயே தீர்ந்துபோய்விட்டது. அதனால் ஏறினேன். இறங்கினேன்.

டொக்.

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. முகத்தில் சோப்பு நுரையோடு, கையில் துண்டோடு வந்து நின்றார். ஏணியைப் பார்த்தார். கடைசிப் படியைப் பார்த்தார். இடது பக்கத்தைப் பார்த்தார். ஒரு மனிதனின் முகத்தில் இவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். "சத்தியமா, நான் யார்கிட்டயும் சொல்லல."

"சொன்னீங்க."

"இல்லம்மா, உன்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு..." அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அதையும் சொல்லக் கூடாது போலிருக்கிறது. நுரை கண்ணில் இறங்கியது, துடைக்காமல் நின்றார்.

"ஆஸ்பத்திரியில சொன்னீங்க. தலைமாட்டுல உக்காந்து."

அவர் மெதுவாக வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். அது அவருக்குக் கீழே டொக் என்றது. நான் துண்டை வாங்கி அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து நடந்ததெல்லாம் சொன்னேன். பட்டறையை, அண்ணி போட்ட கையெழுத்தை, இரண்டு மூடிகளை, கூட்ட அறையில் அவரைத் திருடன் என்று சொன்னதை. என் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கியதையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பேசி அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த படியின் ரப்பர் ஓரத்தை விரலால் தடவினார்.

"நீ தூங்கிட்டிருந்தியே" என்றார்.

"அப்படித்தான் நானும் நினைச்சேன்."

"எல்லாமே கேட்டுச்சா?" அவர் நிமிரவில்லை. "அன்னிக்கு நான் பேசினது எல்லாமே?"

எனக்கு ஏணியைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் நினைவிருந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் ஏணியைப் பற்றி மட்டுமா பேசியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வேற என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் காது சிவந்துபோயிற்று. துண்டை என் கையிலிருந்து வாங்கி, ஏற்கெனவே துடைத்த முகத்தை இன்னொரு முறை துடைத்துக்கொண்டார். நான் அந்த ஏணியின் எதிரே தரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். ரேடியோ வாயைத் திறக்கவில்லை.